வாசகர் கேள்வி பதில்: மெய்நிகர் உதவியாளர் தொழிலுக்கு வாடிக்கையாளரைத் தேடுதல்

பிறருடைய அலுவலக வேலைகளைத் தம் இடத்திலிருந்தே இணையம் வழியாகச் செய்து கொடுக்கும் மெய்நிகர் உதவியாளர்கள் பலர், வேலையில் தேர்ந்தவர்களாக இருந்தும் வாடிக்கையாளரைக் கண்டடைவதில் திணறுவதாக எழுதியிருக்கிறார்கள். பதினோரு ஆண்டுகளாக இதே தொழிலில் இருப்பதால், வந்த கடிதங்களில் ஏழினை எடுத்துக்கொண்டு, செய்து பார்த்து அறிந்தவற்றைக் கொண்டு பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எட்டு மாதங்களுக்கு முன் தனியாக இந்தத் தொழிலைத் தொடங்கினேன். இணையதளம் அமைத்து, மின்னஞ்சல் கவனித்தல், நாட்காட்டியை ஒழுங்குபடுத்துதல், தரவு உள்ளீடு, சமூக ஊடகப் பதிவுகள், பயண ஏற்பாடு என்று பதினான்கு சேவைகளைப் பட்டியலிட்டிருக்கிறேன். இதுவரை இரண்டே விசாரிப்புகள் வந்தன. இரண்டும் பாதியில் நின்றுவிட்டன. எங்கே தவறு செய்கிறேன்?

பதில்: தவறு உங்கள் உழைப்பில் இல்லை, அந்தப் பட்டியலில் இருக்கிறது. உங்களைத் தேடி வருபவர் எந்த நிலையில் வருகிறார் என்பதை எண்ணிப் பாருங்கள். அவர் பெரும்பாலும் தனியாகவோ இரண்டு மூன்று பேரை வைத்துக்கொண்டோ தொழில் நடத்துபவர். பகலில் பார்க்க முடியாமல் போன மின்னஞ்சல்களுக்கு இரவு பதினோரு மணிக்குப் பதில் எழுதிக்கொண்டிருப்பவர். தமக்கு உதவி தேவை என்பது அவருக்குத் தெரியும். எந்த வேலையைப் பிரித்தெடுத்து இன்னொருவரிடம் கொடுப்பது என்பதுதான் தெரியாது. அப்படிப்பட்டவரிடம் பதினான்கு சேவைகளை நீட்டி, இவற்றில் எது வேண்டும் என்று கேட்டால், தலைக்கு மேல் வேலை இருப்பவருக்கு முடிவெடுக்கும் வேலையையும் கூடுதலாகக் கொடுத்தது போலாகிவிடும். அவர் பக்கத்தை மூடிவிட்டுத் தம் மின்னஞ்சலுக்கே திரும்பிவிடுவார்.

முதல் ஆண்டில் என்னுடைய பக்கத்திலும் இருபத்து மூன்று சேவைகள் இருந்தன. ஒருவர் தொலைபேசியில் அழைத்து, பட்டியலை முழுவதும் படித்ததாகச் சொல்லிவிட்டு, “இவற்றில் நீங்கள் மிக நன்றாகச் செய்வது எது?” என்று கேட்டார். எல்லாவற்றையும் நன்றாகச் செய்வேன் என்றேன். அவர் நன்றி சொல்லி அழைப்பை முடித்துக்கொண்டார். அன்றிரவு உட்கார்ந்து, அதுவரை எனக்குப் பணம் கொடுத்தவர்கள் எதற்காகக் கொடுத்தார்கள் என்று எழுதிப் பார்த்தேன். மொத்தம் மூன்று பேர். மூவருமே இணையவழிப் பயிற்சி வகுப்பு நடத்துபவர்கள். வகுப்பில் சேர்பவர்களின் பதிவு, நினைவூட்டல் மின்னஞ்சல், கட்டண நிலுவை ஆகியவற்றைக் கவனிப்பதற்கே மூவரும் என்னை வைத்துக்கொண்டிருந்தார்கள். பட்டியலை எடுத்துவிட்டு அந்த ஒன்றையே பக்கத்தின் தலைப்பாக வைத்தேன். அதற்குப் பிறகு வந்த விசாரிப்புகள் எண்ணிக்கையில் பெரிதாகக் கூடவில்லை என்றாலும், வந்தவர்கள் தமக்கு என்ன வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டு வந்தார்கள். பேச்சு நேராக வேலையைப் பற்றியே தொடங்கியது.

நீங்களும் யாருக்கு, எந்தச் சுமையை இறக்கி வைக்கிறீர்கள் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். “அனைத்து வகையான நிர்வாக உதவிகளும் சிறந்த முறையில் செய்து தரப்படும்” என்பதைப் படிப்பவர் மனத்தில் எந்தக் காட்சியும் எழுவதில்லை. “பாட்காஸ்ட் நடத்துபவர்களுக்கு: விருந்தினருக்கு நேரம் ஒதுக்குவது முதல் அத்தியாயக் குறிப்புகளை வெளியிடுவது வரை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் ஒலிவாங்கி முன் உட்கார்ந்து பேசினால் போதும்” என்றால், பாட்காஸ்ட் நடத்தும் ஒருவர் தம் அன்றாட வேலையை அந்த வாக்கியத்தில் காண்பார். லிங்க்ட்இன் தளத்தில் பெயருக்குக் கீழே வரும் தலைப்பு வரியில் 220 எழுத்துக்குறிகளுக்குத்தான் இடம். அந்த இடத்துக்குள் சொல்ல முடியாத சேவையை இன்னும் நீங்களே தெளிவாக்கிக்கொள்ளவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் சொன்னால் மற்ற வேலைகள் கைநழுவிவிடுமோ என்ற அச்சம் எல்லோருக்கும் வருவதுதான். அப்படி நடப்பதில்லை. ஒரு வேலைக்காக உள்ளே வந்த வாடிக்கையாளர், நம்பிக்கை ஏற்பட்ட பிறகு மூன்றாம் மாதத்தில் தாமாகவே அடுத்த வேலையைக் கொடுப்பார். மற்றப் பதின்மூன்று சேவைகளையும் அந்த நாளுக்காக வைத்திருங்கள்.

கேள்வி: வேலை கொடுப்பவரையும் செய்பவரையும் இணைக்கும் அப்வொர்க், ஃபைவர் போன்ற தளங்களில் சேரலாமா? அங்கே போட்டி அதிகம் என்றும், கட்டணம் மிகவும் குறைந்துவிடும் என்றும் சொல்கிறார்களே?

பதில்: சேரலாம், ஆனால் அவற்றை மட்டுமே நம்பித் தொழிலைக் கட்டாதீர்கள். வாங்குபவர்கள் ஏற்கெனவே கூடியிருக்கும் இடம் என்பதால், அறிமுகமே இல்லாத ஒருவருக்கு முதல் இரண்டு மூன்று வேலைகளும் அவற்றுக்கான மதிப்புரைகளும் கிடைக்க இவை உதவும். அந்த உதவிக்கு விலையும் உண்டு. ஃபைவர் விற்பவரின் வருமானத்தில் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. அப்வொர்க்கில் சேவைக் கட்டணம் தவிர, விண்ணப்பிப்பதற்கே ‘கனெக்ட்ஸ்’ எனப்படும் டோக்கன்கள் செலவாகும். அங்கே அறிமுகமான வாடிக்கையாளரிடம் இரண்டு ஆண்டுகளுக்குத் தளத்தின் வழியாகவே பணம் பெற வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. அதை மீறினால் கணக்கையே இழக்க நேரும். இவற்றைக் கணக்கில் சேர்த்துக்கொண்டே உங்கள் விலையைச் சொல்லுங்கள்.

விண்ணப்பம் எழுதும்போது வாடிக்கையாளரின் பட்டியலில் முதலில் கண்ணில் படுவது உங்கள் கடிதத்தின் தொடக்க வரிகள் மட்டுமே. “வணக்கம், உங்கள் விளம்பரத்தைக் கண்டேன், எனக்கு ஐந்தாண்டு அனுபவம் உண்டு” என்று தொடங்கும் கடிதம் பத்தோடு பதினொன்றாகிவிடும். ஒருவர் தம் மின்னஞ்சலில் நாலாயிரம் கடிதங்கள் படிக்காமல் கிடப்பதாகவும், அவற்றைச் சீர்செய்ய ஆள் வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நான் இப்படித் தொடங்குவேன்: “நாலாயிரம் கடிதங்களில் பெரும்பகுதி செய்திமடல்களாகவும் தானியங்கி அறிவிப்புகளாகவும்தான் இருக்கும், முதல் நாளில் எதையும் அழிக்காமல் அவற்றைத் தனியே ஒதுக்கிவிட்டு, மனிதர்கள் எழுதிய கடிதங்களை மட்டும் தேதிவாரியாக உங்கள் முன் வைப்பேன். கடந்த முப்பது நாட்களில் பதில் எதிர்பார்த்து எழுதியவர்கள் யார் என்ற பட்டியல் இரண்டாம் நாள் உங்களிடம் இருக்கும்.” இதில் என்னைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆனால் ‘எதையும் அழிக்காமல்’ என்ற இரண்டு சொற்களைப் படிக்கும்போது அந்த மனிதருக்குப் பாதி அச்சம் தீர்ந்துவிடும்.

கேள்வி: சிறு நிறுவனங்களின் முகவரிகளைத் திரட்டி முந்நூறு பேருக்கு ஒரே கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்பினேன். ஒருவர்கூடப் பதில் எழுதவில்லை. கடிதத்தின் வாசகத்தை மாற்றினால் சரியாகுமா?

பதில்: வாசகத்தை மாற்றுவதைவிட முறையை மாற்றுவதுதான் நல்லது. முதலில் விதிகளைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலருக்கும் இது தெரியாமலே சிக்கல் வருகிறது. அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு வணிக மின்னஞ்சல் அனுப்பினால் 2003ஆம் ஆண்டின் கேன்-ஸ்பாம் சட்டம் பொருந்தும். அதன்படி தலைப்பு வரி ஏமாற்றுவதாக இருக்கக்கூடாது, அனுப்புபவரின் அஞ்சல் முகவரி இருக்க வேண்டும், இனி அனுப்ப வேண்டாம் என்று சொன்னவரைப் பத்து வேலை நாட்களுக்குள் நீக்கியாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கும் தரவுப் பாதுகாப்பு விதிகளின்படி, ஒருவருடைய பெயரும் மின்னஞ்சல் முகவரியும் அவருடைய தனிப்பட்ட தரவுகள். அவற்றைத் திரட்டிப் பயன்படுத்த உங்களுக்குச் சட்டப்படியான காரணம் இருக்க வேண்டும். இவை ஒருபுறமிருக்க, பெறுபவர்கள் உங்கள் கடிதங்களைத் தொடர்ந்து ‘ஸ்பாம்’ என்று குறித்தால், பிறகு உங்கள் முகவரியிலிருந்து போகும் இன்வாய்ஸ்கூட வாடிக்கையாளரின் கண்ணில் படாமல் ஒதுக்கப்பட்டுவிடக்கூடும்.

முந்நூறுக்குப் பதில் ஒரு வாரத்தில் மூன்று பேருக்கு எழுதுங்கள். ஒவ்வொருவருக்கும் எழுதும் முன் அவருடைய பக்கத்தை அரை மணி நேரம் படியுங்கள். படித்தால் ஏதாவது ஒன்று கண்ணில் படும்.

எனக்கு ஒருமுறை கண்ணில் பட்டதைச் சொல்கிறேன். இணையவழிக் கருத்தரங்குகள் நடத்தும் ஒருவர், மார்ச் 18ஆம் தேதி நிகழ்ச்சிக்கு நியூயார்க் நேரம் காலை 11 மணி, லண்டன் நேரம் மாலை 4 மணி என்று அறிவித்திருந்தார். ஆண்டின் பெரும்பகுதியில் அந்த இரண்டு நகரங்களுக்கும் ஐந்து மணி நேர வேறுபாடு என்பதால் பார்ப்பதற்குச் சரியாகவே தோன்றும். ஆனால் அமெரிக்காவில் மார்ச் மாத இரண்டாம் ஞாயிற்றுக்கிழமையே கடிகாரத்தை முன்னே தள்ளிவிடுகிறார்கள். பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் கடைசி ஞாயிற்றுக்கிழமைதான் தள்ளுகிறார்கள். இடைப்பட்ட நாட்களில் வேறுபாடு நான்கு மணி நேரம் மட்டுமே. அன்று லண்டனில் இருப்பவர்கள் 4 மணிக்கு வந்து சேர்ந்தால், 3 மணிக்குத் தொடங்கிய நிகழ்ச்சியில் ஒரு மணி நேரம் போயிருக்கும். இதை மட்டும் ஐந்து வரியில் எழுதி, திருத்திய அறிவிப்பின் வாசகத்தையும் கீழே சேர்த்து அனுப்பினேன். என்னை வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கவில்லை. கையொப்பத்தின் கீழே என் தொழில் என்ன என்பது மட்டும் இருந்தது. அன்று மாலையே அவர் நன்றி சொல்லி எழுதினார். ஏழு வாரம் கழித்து, இலையுதிர்காலக் கருத்தரங்குகள் முழுவதையும் நான் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டு எழுதினார். அக்டோபர் கடைசி ஞாயிறுக்கும் நவம்பர் முதல் ஞாயிறுக்கும் இடையிலும் இதே இடைவெளி ஒரு வாரத்துக்கு வரும் என்பதால், அந்த வாரத்து நிகழ்ச்சியில்தான் என் முதல் வேலை தொடங்கியது.

நம் தொழிலில் விளம்பரமும் வேலையும் வேறு வேறாக இருப்பதில்லை என்பதை அந்த அனுபவத்தில்தான் முழுமையாக உணர்ந்தேன். கட்டடம் கட்டுபவர் தாம் கட்டிய வீட்டைக் காட்டலாம். கவனமாக இருப்பதைத்தான் நாம் விற்கிறோம். அதை நாம் எழுதும் கடிதத்திலும், சந்திப்புக்கு நேரம் குறிக்கும் முறையிலும், சொன்ன நேரத்தில் பதில் அனுப்புவதிலும்தான் காட்ட முடியும். விசாரித்தவருக்கு இரண்டு நாள் கழித்துப் பதில் எழுதும் உதவியாளர், தம் பக்கத்தில் ‘விரைவான சேவை’ என்று எழுதியிருந்து என்ன பயன்?

கேள்வி: எல்லோரும் கட்டணத்தைக் குறைக்கச் சொல்கிறார்கள். தொடக்கத்தில் குறைவாக வாங்கிக்கொண்டு, சில நாட்கள் இலவசமாகவும் செய்து கொடுத்தால் வாடிக்கையாளர் நிலைப்பாரா?

பதில்: இலவசமாகச் செய்து கொடுக்க வேண்டாம். சிறியதாக, எல்லை வகுத்த, கட்டணம் உள்ள ஒரு சோதனை வேலையை முன்வையுங்கள்: பத்து மணி நேரம், இன்னின்ன வேலை, இந்தத் தேதியில் முடியும் என்று. இலவசமாகக் கொடுக்கும் வேலைக்கு அவரும் நேரம் ஒதுக்கி விளக்கம் தர மாட்டார், உங்களாலும் முழு மனத்துடன் செய்ய முடியாது. கடைசியில் இருவருக்கும் ஒன்றும் புரியாமலே பிரிய நேரும்.

கட்டணத்தைப் பொறுத்தவரை, வாரத்தில் நாற்பது மணி நேரம் உழைத்தாலும் அவ்வளவையும் விற்க முடியாது என்பதை முதலில் ஏற்றுக்கொள்ளுங்கள். கணக்கு எழுதுவது, புதியவர்களுடன் பேசுவது, மென்பொருள் கற்பது ஆகியவை போக, இருபத்தைந்து மணி நேரம் விற்றாலே நல்ல வாரம். ஆகவே மாதம் உங்களுக்குத் தேவையான தொகையை 160ஆல் வகுக்காமல் 100ஆல் வகுத்து மணிக்கட்டணம் காணுங்கள். அந்தத் தொகைக்குள் வரி, விடுமுறை நாட்கள், மென்பொருள் சந்தா, கணினியை மாற்றும் செலவு எல்லாம் அடங்கியிருக்க வேண்டும். இப்படிக் கணக்கிட்டவர்கள் பேரம் வரும்போது தடுமாறுவதில்லை, எங்கே நிற்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

மணிக்கணக்கில் விற்பதில் ஒரு குறையும் உண்டு: வேலையில் தேர்ச்சி பெற்று விரைவாக முடிக்க முடிக்க உங்கள் வருமானம் குறைந்துகொண்டே போகும். இரண்டு மூன்று மாதம் பழகிய வாடிக்கையாளரிடம், இத்தனை வேலைகளுக்கு மாதம் இவ்வளவு என்ற ஏற்பாட்டுக்கு மாறிக்கொள்ளலாம். மாதத் தொடக்கத்திலேயே தொகையைப் பெற்றுக்கொள்வதும், அந்த மாதம் கொடுக்காத வேலைகள் அடுத்த மாதத்துக்குப் போகுமா போகாதா என்பதை ஒப்பந்தத்தில் எழுதிவிடுவதும் அவசியம். இவ்வளவுக்குப் பிறகும் குறைக்கச் சொன்னால், தொகையைக் குறைப்பதற்குப் பதில் வேலையின் அளவைக் குறைத்துக் காட்டுங்கள். தம்முடைய மின்னஞ்சல், வங்கி விவரங்கள், வாடிக்கையாளர் பட்டியல் எல்லாவற்றையும் முகமறியாத ஒருவரிடம் ஒப்படைக்கப் போகும் மனிதருக்கு மிக மலிவான விலை ஐயத்தையே தரும்.

கேள்வி: செய்யும் வேலையெல்லாம் வாடிக்கையாளரின் அந்தரங்கம். புதியவர்கள் மாதிரி கேட்டால் எதைக் காட்டுவது?

பதில்: வாடிக்கையாளரின் கோப்பைப் பெயரை மட்டும் மறைத்துக் காட்டுவதைக்கூட நான் ஏற்க மாட்டேன், இன்று அவருடையதைக் காட்டுபவர் நாளை நம்முடையதையும் காட்டுவார் என்று பார்ப்பவர் நினைத்தால் அதில் தவறில்லை. மாதிரியை நீங்களே உருவாக்குங்கள். கற்பனையான ஒரு சிறு நிறுவனத்தை வைத்துக்கொண்டு, அதற்கு ஒரு வாரத்து நாட்காட்டி, கூட்டத்துக்கு முந்தைய குறிப்பு, வெள்ளிக்கிழமை அனுப்பும் வாராந்தர அறிக்கை, ஒரு வேலையைப் படிப்படியாக எப்படிச் செய்வது என்று விளக்கும் செயல்முறைக் குறிப்பு ஆகியவற்றைத் தயாரித்து வைத்தால் போதும். இவற்றுள் அதிகம் கவர்வது அந்த வாராந்தர அறிக்கை என்பது என் அனுபவம். முடிந்தவை, காத்திருப்பவை, உங்கள் முடிவு தேவைப்படுபவை என்ற மூன்று பகுதிகளுடன் ஒரே பக்கத்தில் இருக்கும் அதைப் பார்த்தவர், தம் வெள்ளிக்கிழமை மாலை எப்படி இருக்கும் என்பதை உடனே புரிந்துகொள்கிறார்.

கூடவே, அவருடைய கணக்குகளை எப்படிப் பாதுகாப்பீர்கள் என்பதைப் பக்கத்தில் ஒரு பத்தியாக எழுதுங்கள். பலர் இதை ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். ஆனால் வாடிக்கையாளரை இரவில் தூங்கவிடாமல் செய்வது இந்தக் கேள்விதான். ஜிமெயிலில் கடவுச்சொல்லைத் தராமலே, ஒருவரைப் பிரதிநிதியாகச் சேர்த்துக் கடிதங்களைப் படிக்கவும் அனுப்பவும் அனுமதிக்கும் வசதி உண்டு. அந்தப் பிரதிநிதியால் கடவுச்சொல்லை மாற்ற முடியாது, உரிமையாளர் விரும்பிய நொடியில் அவரை நீக்கிவிடலாம். மற்றக் கணக்குகளுக்குப் பிட்வார்டன், 1பாஸ்வேர்டு போன்ற கடவுச்சொல் பெட்டகங்கள் வழியாக அணுகல் தரலாம். “உங்கள் கடவுச்சொல்லை எனக்கு மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ அனுப்பாதீர்கள், முதல் சந்திப்பில் அதற்கான வழியை நான் அமைத்துத் தருகிறேன்” என்று எழுதிய நாளிலிருந்து, என்னிடம் பேச வந்தவர்களில் பலர் அந்த வரியைக் குறிப்பிட்டே பேச்சைத் தொடங்கியிருக்கிறார்கள்.

பாராட்டுரை வாங்குவதைப் பற்றியும் ஒரு சொல். “உங்கள் கருத்தை எழுதித் தாருங்கள்” என்று கேட்டால் “மிகச் சிறந்த சேவை” என்றுதான் வரும். நான் வருவதற்கு முன் எந்த வேலை உங்களை அதிகம் வாட்டியது, இப்போது அந்த நேரத்தில் என்ன செய்கிறீர்கள், வேலையைக் கொடுக்கும் முன் என்ன தயக்கம் இருந்தது என்று மூன்று கேள்விகளாகக் கேளுங்கள். மூன்றாவதற்கு வரும் பதிலே அடுத்து வருபவரின் தயக்கத்தையும் தீர்க்கும். அதை வெளியிடும் முன் எழுத்தில் அனுமதி பெற்றுவிடுங்கள்.

கேள்வி: சமூக ஊடகத்தில் தினமும் பதிவிட வேண்டுமா?

பதில்: வேண்டாம். உங்கள் வாடிக்கையாளர்கள் இருக்கும் ஒரே தளத்தைத் தேர்ந்துகொண்டு, வாரம் ஒரு பதிவு, அந்த வாரம் நீங்கள் தீர்த்த ஒரு சிறு சிக்கலைப் பற்றி, யாருடைய அடையாளமும் வெளிப்படாமல் எழுதினால் போதும். மற்ற நாட்களில் பிறருடைய பதிவுகளுக்குக் கீழே பயனுள்ள பதிலை எழுதுங்கள். எனக்கு அதிலிருந்து வந்த அறிமுகங்கள் என் சொந்தப் பதிவுகளிலிருந்து வந்தவற்றைவிட அதிகம்.

கேள்வி: சாட்ஜிபிடி போன்ற செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்த பிறகு, கடிதம் எழுதுவதற்கும் குறிப்பெடுப்பதற்கும் ஆள் எதற்கு என்று கேட்கிறார்கள். கையில் இருக்கும் ஒரே பெரிய வாடிக்கையாளரும் போய்விட்டால் என்ன செய்வது என்று அச்சமாக இருக்கிறது. இனி யாரிடம், எதைச் சொல்லி வேலை கேட்பது?

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு அச்சங்கள் கலந்திருக்கின்றன, இரண்டாவதே உடனே கவனிக்க வேண்டியது என்பதால் முதலாவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பிறகு, ஒலிப்பதிவை எழுத்தாக்குவது, முதல் வரைவு எழுதுவது, நீண்ட ஆவணத்தைச் சுருக்குவது போன்றவற்றை மட்டுமே விற்றுக்கொண்டிருந்தவர்களுக்கு வேலை குறைந்திருப்பது உண்மை. அதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல நான் விரும்பவில்லை. ஆனால் பதில் வராத கடிதத்தை நான்காம் நாள் நினைவில் வைத்து மீண்டும் கேட்பதும், இந்த அழைப்பை உரிமையாளர் கட்டாயம் எடுக்க வேண்டும் என்று முடிவு செய்வதும், தவறு நேர்ந்தால் நான்தான் பொறுப்பு என்று முன்னால் வந்து நிற்பதும் கருவியிடம் முழுவதுமாக விட்டுவிட முடியாதவை. உங்கள் சேவையின் விவரிப்பை அந்தப் பக்கம் நகர்த்துங்கள். நீங்களும் அந்தக் கருவிகளைப் பயன்படுத்துவீர்கள் என்பதையும், அனுமதியின்றி வாடிக்கையாளரின் தரவுகளை அவற்றில் இட மாட்டீர்கள் என்பதையும் வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.

இரண்டாவது அச்சம் எனக்கு நேரில் தெரிந்த ஒன்று. நான்காம் ஆண்டில் என் வருமானத்தில் முக்கால் பங்கு ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வந்தது. அவர் தம் தொழிலை விற்றுவிட்டார். வாங்கியவர்களிடம் ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள். ஒரு வியாழக்கிழமை வந்த கனிவான மின்னஞ்சலுடன் எல்லாம் முடிந்தது. கைநிறைய வேலை இருந்த இரண்டு ஆண்டுகளில் புதிதாக ஒருவருக்குக்கூட நான் கடிதம் எழுதியிருக்கவில்லை. அடுத்த இரண்டரை மாதங்கள் மிகவும் கடினமாகக் கழிந்தன. அதன் பிறகு, எவ்வளவு வேலை இருந்தாலும் செவ்வாய்க்கிழமை காலை இரண்டு மணி நேரத்தை என் தொழிலுக்கென்று நாட்காட்டியில் அடைத்து வைத்துவிட்டேன். வாடிக்கையாளரின் சந்திப்பை நாம் எப்படித் தள்ளிப்போட மாட்டோமோ, அப்படியே இதையும் தள்ளிப்போடுவதில்லை.

அந்த இரண்டு மணி நேரத்தில் யாருக்கு எழுதுவது என்றால், முதலில் உங்களை ஏற்கெனவே அறிந்தவர்களுக்கு: பழைய மேலாளர், உடன் வேலை பார்த்துவிட்டு இப்போது தனித்தொழில் செய்பவர், முடிந்துபோன வேலைகளின் வாடிக்கையாளர்கள். அடுத்து, உங்கள் வாடிக்கையாளர்களுக்கு வேறு சேவை செய்பவர்கள்: கணக்காளர், இணையதளம் வடிவமைப்பவர், தொழில் ஆலோசகர். ஒருவர் நிர்வாக வேலையில் மூழ்கித் தவிப்பதை முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் அவருடைய கணக்காளர்தான். ரசீதுகளை மூன்று முறை கேட்டும் வராதபோதே அவருக்குத் தெரிந்துவிடும். மூன்றாவதாக, மற்ற மெய்நிகர் உதவியாளர்கள். அவர்களைப் போட்டியாளர்களாகப் பார்க்கும் பழக்கம் தொடக்கத்தில் எனக்கும் இருந்தது. இன்று என்னிடம் உள்ள நான்கு நிலையான வாடிக்கையாளர்களில் இருவர், தமக்கு நேரமில்லை என்று வேறு உதவியாளர்கள் அனுப்பி வைத்தவர்கள்.

“வேலை இருந்தால் சொல்லுங்கள்” என்று பொதுவாகக் கேட்காதீர்கள். கேட்டவர் தலையசைத்துவிட்டு மறந்துவிடுவார். யாரைப் பார்த்தால் உங்களை நினைக்க வேண்டும் என்பதைச் சொல்லிக் கொடுங்கள். சென்ற மாதம் ஒரு கணக்காளருக்கு நான் அனுப்பிய கடிதம் இதுதான்; வேண்டுமானால் உங்களுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்:

“வணக்கம். இணையவழி வகுப்புகள் நடத்துபவர்களுக்குச் சேர்க்கை, நினைவூட்டல், கட்டண நிலுவை ஆகியவற்றைக் கவனித்துக் கொடுத்து வருகிறேன். அடுத்த மாதம் முதல் என்னால் ஒருவரைக் கூடுதலாக ஏற்க முடியும். உங்கள் வாடிக்கையாளர்களில் யாராவது, யார் பணம் கட்டினார்கள், யார் கட்டவில்லை என்று தமக்கே தெரியவில்லை என்று உங்களிடம் சொன்னால், அவரிடம் என் பெயரைச் சொல்ல முடியுமா? அவர் விரும்பினால் அரை மணி நேரம் பேசி, முதலில் எதைச் சரிசெய்யலாம் என்பதை எழுதிக் கொடுக்கிறேன்; அதற்குப் பிறகு வேலையை என்னிடம் தருவதும் தராததும் அவர் விருப்பம். அவர் அனுப்பும் நிலுவைப் பட்டியல் உங்களுக்கு ஏற்ற வடிவத்தில் மாதம் ஐந்தாம் தேதிக்குள் கிடைக்கும்படி நான் பார்த்துக்கொள்வேன்.”

கடைசி வாக்கியம் அந்தக் கணக்காளருக்காகவே எழுதப்பட்டது. மூன்று நாள் கழித்து அவர் இருவருடைய பெயர்களை, அவர்களுடைய சம்மதத்துடன், எனக்கு அனுப்பி வைத்தார்.